இசுசு: காரில் தோற்று எஞ்சினில் பிழைத்த கம்பெனி

கேள்வி கேட்டவருடைய அப்பா டாக்ஸி அம்பாசடர் ஓட்டியவர். ஸ்டாண்டில் அந்த வண்டியை எல்லோரும் 'இசுசு வண்டி' என்றுதான் சொல்வார்களாம். அம்பாசடர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரிப்பு, அதற்குள் இசுசு எங்கிருந்து வந்தது என்பது அவருடைய முதல் சந்தேகம். இன்றைக்கு ரோட்டில் இசுசு என்று எழுதிய பிக்கப் போகிறது, வெளிநாடுகளில் லாரியும் பஸ்ஸும் ஓடுகின்றன. டொயோட்டா, ஹோண்டா மாதிரி கார் மட்டும் ஏன் வருவதில்லை என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். ஏறக்குறைய எழுபது வருஷம் கார் செய்ய ஆசைப்பட்ட கம்பெனி இசுசு. அவற்றில் சில உலகத்திலேயே அழகான கார்கள் என்று நான் அடித்துச் சொல்வேன். ஆனால் எப்போது பார்த்தாலும் அதற்குச் சோறு போட்டது லாரியும் டீசல் எஞ்சினும்தான். கடைசியில் காரை விட்டுவிட்டார்கள். எஞ்சினை விடவில்லை. அந்த எஞ்சின்களில் ஒன்றுதான் உங்கள் அப்பா வண்டியில் இருந்தது. கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

ஆரம்பம் ஒரு கப்பல் பட்டறையில். 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் ஜப்பான் கடற்கரைக்கு வந்து கதவைத் தட்டியதும், நமக்கும் பெரிய கப்பல் வேண்டும் என்று அங்கே அவசரப்பட்டார்கள். இன்றைய டோக்கியோவில், சுமிதா ஆறு கடலில் சேரும் இடத்தில் இஷிகவாஜிமா கப்பல் பட்டறை அப்படி உருவானது. முதல் உலகப் போர் வந்தபோது கப்பலுக்கு எக்கச்சக்கமான கிராக்கி, பணம் கொட்டியது. போர் நின்றால் இந்த வரத்தும் நின்றுவிடும் என்று யோசித்த பட்டறைக்காரர்கள், அடுத்த தொழிலாக மோட்டார் வண்டியைப் பார்த்தார்கள். 1916-இல் டோக்கியோ காஸ் எலக்ட்ரிக் என்ற கம்பெனியோடு சேர்ந்து வண்டி செய்யத் திட்டம் போட்டார்கள். இசுசு தன் பிறந்த வருஷமாகச் சொல்வது இதைத்தான். அந்தக் கூட்டாளியும் மோட்டார்க்காரர் இல்லை. காஸ் விளக்குக்கு மேன்டில் செய்து தொழிலைத் தொடங்கியவர். பெட்ரோமாக்ஸில் கட்டுவோமே, அதே மாதிரி மேன்டில்.

இருவருக்கும் கார் செய்யத் தெரியாது. தெரிந்தவர்களிடம் கற்றுக்கொள்ள 1918-இல் இங்கிலாந்தின் உல்ஸ்லி கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். கிழக்கு ஆசியாவில் உல்ஸ்லி வண்டிகளைச் செய்து விற்கும் உரிமை கிடைத்தது. உல்ஸ்லி என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வரும்.

வரைபடம் கையில் இருந்தால் வண்டி வந்துவிடாது. சிலிண்டர் பிளாக்கை ஓட்டையில்லாமல் வார்க்க வேண்டும், கியருக்கான எஃகு சரியாகப் பதம் வர வேண்டும். அந்தக் காலத்து ஜப்பானில் இதற்கெல்லாம் துணைத் தொழில்களே கிடையாது. 1918-இல் போட்ட ஒப்பந்தத்துக்கு முதல் கார், உல்ஸ்லி ஏ9, வெளியே வந்தது 1922 டிசம்பரில். அடுத்த வருஷம் செப்டம்பரில் பூகம்பம் டோக்கியோவையே சாய்த்துவிட்டது.

அந்தப் பூகம்பம் ஜப்பான் மோட்டார் தொழிலின் போக்கையே திருப்பிய சம்பவம். டிராம் தண்டவாளம் எல்லாம் போய்விட்டதால், டோக்கியோ நகராட்சி அவசரத்துக்கு அமெரிக்காவிலிருந்து ஃபோர்டு டி சேசிஸ்களை நூற்றுக்கணக்கில் வரவழைத்து, மேலே மரக்கூண்டு கட்டி பஸ்ஸாக ஓட்டியது. இங்கே சந்தை இருக்கிறது என்று ஃபோர்டுக்குத் தெரிந்துவிட்டது. 1925-இல் யோக்கோஹாமாவில் ஃபோர்டு, 1927-இல் ஒசாகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் என்று இருவரும் வந்து உட்கார்ந்து பாகங்களைக் கோத்து விற்க ஆரம்பித்தார்கள். கையால் தட்டித் தட்டி ஒரு கார் செய்கிற உள்ளூர்க் கம்பெனி அந்த விலைக்கு எப்படி விற்கும்?

உள்ளூர்க் கம்பெனிக்குத் தப்பிக்க இருந்த ஒரே வழி ராணுவம். 1918-இலேயே ஜப்பான் அரசு ஒரு சட்டம் போட்டிருந்தது: ராணுவத்துக்கு உதவும் தரத்தில் லாரி செய்தால் செய்பவருக்கும் மானியம், வாங்குபவருக்கும் மானியம், போர் வந்தால் லாரியை அரசு எடுத்துக்கொள்ளும். இஷிகவாஜிமாக்காரர்கள் ஃபோர்டு வருவதற்கு முன்பே, பூகம்பத்துக்கு மறு வருஷமான 1924-இல், உல்ஸ்லி சிபி என்ற ஒன்றரை டன் லாரியைச் செய்து ராணுவச் சோதனையில் தேறியிருந்தார்கள். கார் ஆசையை மடித்து வைத்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து சிபி லாரி ஒன்று இன்றும் ஃபுஜிசாவாவில் உள்ள இசுசு பிளாசா என்ற கம்பெனி மியூசியத்தில் நிற்கிறது. கார் ஆசை, அடி, லாரியால் உயிர் என்று அடுத்த எழுபது வருஷமும் நடக்கப்போவது இங்கேயே ஒரு தடவை நடந்துவிட்டது.

1927-இல் உல்ஸ்லியோடு உறவு முடிந்தது. தாய்க் கம்பெனியே திவாலாகி அந்த வருஷம் கைமாறியது. 1929-இல் மோட்டார் பிரிவு கப்பல் பட்டறையிலிருந்து தனிக்குடித்தனம் போனது. வண்டிகளுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றின் பெயரையே, சுமிதா என்று வைத்தார்கள்.

அடுத்து வருவது கொஞ்சம் சிக்கலான குடும்பக் கதை. ஆனால் சுவாரஸ்யம் இதில்தான் இருக்கிறது. 1933-இல் இந்தக் கம்பெனியும் டிஏடி என்ற இன்னொரு கம்பெனியும் ஒன்றாயின. டிஏடி என்பது டென், அவோயாமா, டக்கேயுச்சி என்று பணம் போட்ட மூன்று பேரின் முதலெழுத்து. அவர்களுடைய குட்டிக் கார்தான் டாட்சன். லாரியில் கவனமாக இருந்த புதுக் கம்பெனிக்கு அந்தக் குட்டிக் கார் தேவைப்படவில்லை. அதன் உரிமை யோஷிசுகே ஐக்காவா என்ற தொழிலதிபர் கைக்குப் போனது. அவர் அதை வைத்து நிசான் கம்பெனியைக் கட்டினார். வேண்டாம் என்று கொடுத்த பிள்ளை பக்கத்து வீட்டில் பெரிய ஆளாக வளர்ந்த கதை.

1934-இல்தான் பெயர் வந்தது. வணிகத் தொழில் அமைச்சகம் வகுத்த அளவுகளின்படி செய்த லாரிக்கு 'இசுசு' என்று பெயரிட்டார்கள். இசே பெருங்கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் அது. ஜப்பானியர்களுக்கு இசே எப்படி என்றால், வாழ்நாளில் ஒரு தடவையாவது போய்விட வேண்டும் என்று நம்மவர்கள் காசி, ராமேஸ்வரத்தை நினைப்பதுபோல. யாத்திரீகர்கள் பாலத்தைக் கடந்து போய், கரைப் படிகளில் குனிந்து அந்தத் தண்ணீரில் கை அலம்பி, வாய் கொப்பளித்துவிட்டுத்தான் சன்னிதிக்குப் போவார்கள். எழுத்துப்படி இசுசு என்றால் 'ஐம்பது மணிகள்'. கோயில் மணி இல்லை, சலங்கையில் கட்டுகிற மாதிரிச் சின்ன மணி.

டீசலும் இந்தக் காலத்தில்தான் வந்தது. 1936-இல் டிஏ4, டிஏ6 என்று இரண்டு டீசல் எஞ்சின்கள். இரண்டுமே தண்ணீரில்லாமல் காற்றில் குளிர்பவை. ரேடியேட்டர் தண்ணீர் உறைந்துபோகும் மஞ்சூரியக் குளிரில் லாரி ஓட வேண்டியிருந்த ராணுவத்துக்கு அதுதான் தோதாக இருந்தது. ராணுவத்துக்காகச் செய்த வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை; அந்தக் காலத்தில் ஜப்பானில் கனரக எஞ்சின் என்றாலே ராணுவத்தின் கைதான். 1937-இல் டோக்கியோ காஸ் எலக்ட்ரிக்கின் மோட்டார் பிரிவும் வந்து சேர, 1916-இல் கைகோத்த இருவரும் முறைப்படி ஒரே வீடானார்கள். 1941-இல் கம்பெனியின் பெயரே 'டீசல் மோட்டார் இண்டஸ்ட்ரி' ஆனது. 1942-இல் ஹினோ என்ற ஊரிலிருந்த தொழிற்சாலை தனியாகப் பிரிந்தது. அதுதான் இன்றைய ஹினோ மோட்டார்ஸ்.

ஆக நிசான், ஹினோ, இசுசு மூன்றும் ஒரு வேர் பங்காளிகள். இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. எண்ணூரில் பிறந்த அசோக் லேலண்ட் 1980-களில் ஹினோவோடு கூட்டு வைத்து எஞ்சின் தொழில்நுட்பம் வாங்கியது. டிப்போ மெக்கானிக்குகள் 'ஹினோ எஞ்சின்' என்று சொல்வது அதைத்தான். நிசான் 2010-இல் ஒரகடத்துக்கு வந்தது. இசுசு டாக்ஸி ஸ்டாண்டு வழியாக வந்தது. மூன்று பங்காளிகளும் ஆளுக்கொரு வாசல் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் நேச நாட்டு ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் அனுமதியோடு மறுபடி லாரி செய்ய ஆரம்பித்தார்கள். இடிந்த நாட்டைக் கட்ட லாரி வேண்டும். டீசல் அனுபவம் உள்ள கம்பெனிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 1949-இல் ஆற்றின் பெயரே கம்பெனிக்கும் பெயரானது: இசுசு மோட்டார்ஸ்.

கையில் நாலு காசு சேர்ந்ததும் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. 1953-இல் இங்கிலாந்தின் ரூட்ஸ் குழுமத்தோடு சேர்ந்து ஹில்மன் மிங்ஸ் காரைக் கோக்க ஆரம்பித்தார்கள். அதே சமயம் நிசான் ஆஸ்டினையும், ஹினோ ரெனோவையும் பிடித்துக்கொண்டு இதையேதான் செய்துகொண்டிருந்தன. முதலில் பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டுவது, அப்புறம் ஒவ்வொன்றாக உள்ளூரிலேயே செய்வது. 1957-இல் மிங்ஸின் எல்லாப் பாகமும் ஜப்பானிலேயே தயாரானது.

1959-இல் வந்த எல்ஃப் லாரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு டன் சுமக்கும் சின்ன லாரி. டிரைவர் எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் மூக்கு கிடையாது, நீளமெல்லாம் சரக்குக்கே. ஜப்பானின் குறுகிய சந்துகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அடுத்த வருஷமே அதில் 2 லிட்டர் டீசலை வைத்தார்கள். அதுவரை டீசல் என்றால் பெரிய லாரி, பெரிய சத்தம், பெரிய முதலாளி. சின்னச் சரக்கு வண்டிக்காரனுக்கும் டீசல் சிக்கனத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது எல்ஃப். காய்கறிக் கடைக்காரர், செங்கல் சூளைக்காரர், வீடு மாற்றித் தருபவர் என்று எல்லோருடைய வண்டியாகவும் ஆனது. இலங்கையில் இன்றும் 'எல்ஃப் லொறி' என்றால் விளக்கம் தேவையில்லை. பழசாகி, உடம்பு முழுக்கப் பட்டி பார்த்து, வேறு நிறம் அடித்து, அப்படியும் ஓடிக்கொண்டிருக்கும். இசுசுவின் மொத்த வரலாற்றில் மிக முக்கியமான வண்டி எது என்று கேட்டால் நான் எல்ஃபைத்தான் காட்டுவேன். ஆனால் கார் ரசிகர்கள் கூடுகிற இடத்தில் அதன் பெயரை யாரும் எடுக்க மாட்டார்கள். லாரிகளின் தலையெழுத்து அது.

எல்ஃப் சம்பாதித்ததைக் காரில் போட்டார்கள். 1961-இல் காட்டிய பெல்லல்தான் முழுக்க இசுசுவே உருவாக்கிய முதல் கார். பெயரைப் பாருங்கள்: 'பெல்' என்றால் மணி, 'எல்' ரோமன் எழுத்தில் ஐம்பது. ஐம்பது மணிகள்! அதாவது இசுசுவையே சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அதில் டீசல் வகையும் வந்தது. டாக்ஸிக்காரர்கள் எரிபொருள் செலவு பார்த்து வாங்கினார்கள், ஆனால் லாரி எஞ்சினின் அதிர்வும் இரைச்சலும் காருக்குள் கேட்டன. கார் எடுபடவில்லை. அடுத்து 1963-இல் வந்த பெல்லட் நல்ல வண்டி. அதன் ஜிடி வகை பந்தயப் பைத்தியங்களுக்கு இன்றும் செல்லம்.

அப்புறம் 117 கூப்பே. இத்தாலியின் டூரினில் கியா என்ற டிசைன் கூடத்தில் (கொரியாக் கியா இல்லை) வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ என்ற இளைஞர் வரைந்தது. பின்னாளில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபை வரைந்தவரும் அவர்தான். நம் ஊர் மாருதி 800-க்கு முன்னால் தெருக்களில் இருந்த எந்தக் காரை நினைத்துக்கொண்டும் இதைப் பார்க்காதீர்கள். கூரையைத் தாங்கும் தூண்கள் விரல் கனம்தான் இருக்குமோ என்று தோன்றும். கண்ணாடி வழியாக வண்டி முழுக்க வெளிச்சம். பக்கவாட்டில் முன்விளக்கிலிருந்து வால்வரை ஒரே கோடு, எங்கேயும் உடையாமல் ஓடும். டாஷ்போர்டில் நிஜ மரப் பலகை. 1966-இல் ஜெனீவா கண்காட்சியில் காட்டினார்கள். விற்பனைக்கு வந்தது 1968 டிசம்பரில். இடையில் அத்தனை காலம் ஏன்? இந்த வளைவுகளை மொத்தமாக அச்சடித்துத் தள்ளும் பிரஸ் வசதி அவர்களிடம் இல்லை. ஆரம்ப வருஷங்களில் தகட்டைப் பாதி பிரஸ்ஸிலும் மீதியை ஆட்கள் கையால் தட்டியும் இழைத்தும் முடித்தார்கள். மாதத்துக்கு ஐம்பது வண்டி வந்தாலே பெரிது. 1970-இல் இந்தக் காரின் ஒரு வகையில் எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன் (பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து பீய்ச்சும் அமைப்பு) வைத்தார்கள், ஜப்பான் கார்களில் அதுதான் முதல். இவ்வளவு சிரத்தையாக, இவ்வளவு குறைவாகச் செய்தால் லாபம் எங்கிருந்து வரும் என்று கணக்குப்பிள்ளை யாராவது கேட்டிருப்பார். கேட்டும் பலனில்லை போலிருக்கிறது. 1981 வரை 117 கூப்பேவைச் செய்தார்கள்.

வருமானம் லாரியில், செலவு காரில் என்று இருந்த கம்பெனிக்குத் துணை தேவைப்பட்டது. 1966-இலிருந்து ஒரு பெண் பார்க்கும் படலமே நடந்தது. முதலில் சுபாரு செய்யும் ஃபுஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ், ஒத்துவரவில்லை. பிறகு மிட்சுபிஷி, அதுவும் முறிந்தது. பிறகு பழைய பங்காளி நிசான், அதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் வந்து 34 சதவீதத்துக்குச் சற்று அதிகமான பங்கை வாங்கியது. ஒரு காலத்தில் ஒசாகாவில் வந்து உட்கார்ந்து இவர்களால் போட்டி போட முடியாத விலைக்குக் கார் விற்றதும் இதே ஜெனரல் மோட்டார்ஸ்தான்.

அந்தக் கல்யாணத்தில் இரண்டு பக்கமும் லாபம் பார்த்தார்கள். இசுசுவின் பிக்கப் 1972-இலிருந்து அமெரிக்காவில் செவர்லே லவ் என்ற பெயரில் ஓடியது. ஓப்பல் கடெட்டை அடிப்படையாக வைத்து 1974-இல் ஜெமினி வந்தது. 1981-இல் ஜுஜாரோவே மறுபடி வரைந்த பியாஸா வந்தது. காலத்துக்கு இருபது வருஷம் முந்திய உருவம், விற்பனை சுமார். எண்பதுகளில் அமெரிக்காவில் இசுசு ஒரு விளம்பரம் போட்டது. ஜோ இசுசு என்ற விற்பனையாளர் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டே வண்டியைப் பற்றி வண்டி வண்டியாகப் பொய் சொல்வார். கீழே எழுத்தில் 'இவர் பொய் சொல்கிறார்' என்று வரும், கூடவே நிஜத் தகவலும் வரும். கார் கடைக்காரர்களை ஜனங்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஒரு கார் கம்பெனியே கேலி செய்தது. விளம்பரம் பேர் வாங்கியது. கார்கள் அந்தப் பேருக்கு ஈடு கொடுக்கவில்லை.

1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி ஏற்றுமதி லாபம் கரைந்தது. உள்நாட்டிலோ டொயோட்டா, நிசானுக்கு முன்னால் இசுசுவின் விற்பனை வலை சின்னது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானின் பொருளாதாரக் குமிழ் வெடித்ததும் இழுத்துப் பிடிக்க முடியவில்லை. 1992 டிசம்பரில் சொந்தமாகக் கார் உருவாக்குவதை நிறுத்துவதாக அறிவித்து, 1993-இல் நிறுத்தினார்கள். கடைக்காரர்களுக்கு விற்க ஏதாவது வேண்டுமே என்று ஹோண்டாவிடம் கார் வாங்கி, அதன்மேல் ஜெமினி என்று பெயர் ஒட்டி விற்றார்கள். பதிலுக்கு இசுசுவின் ஜீப் வகை வண்டிகளை ஹோண்டா தன் பெயரில் விற்றது. பெரிய எஸ்யூவிகள் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன; 2002-இல் ஜப்பானில் அதுவும் முடிந்தது, 2009-இல் அமெரிக்காவில் பயணிகள் வாகன விற்பனையே முடிந்தது. உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதுதான்.

2002 சாதாரண வருஷம் இல்லை. கடன் கழுத்துக்கு வந்து, 49 சதவீதம் வரை போயிருந்த ஜெனரல் மோட்டார்ஸின் பங்கு 12 சதவீதமாகச் சுருங்கியது. 2006-இல் மீதியையும் விற்றுவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். கவாசாக்கி நகரில் இருந்த பழைய தொழிற்சாலையை இசுசு மூடியது. அத்தனைக்கும் நடுவில் எஞ்சின் வேலை மட்டும் தடையில்லாமல் நடந்தது.

இசுசு எஞ்சின் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 4ஜேபி1 என்று ஒன்று, 2,771 சிசி, நாலு சிலிண்டர். டீசலைச் சிறிய முன்னறையில் பற்றவைத்துப் பிறகு சிலிண்டருக்குள் அனுப்புவது பழைய முறை. இது நேராகப் பிஸ்டன் தலையில் உள்ள குழியில் பீய்ச்சும். வெப்பம் வீணாவது குறைவு, அதனால் டீசலும் மிச்சம். பிக்கப்புக்கும் சின்ன லாரிக்கும் அளவான இந்த எஞ்சினைச் சீனக் கம்பெனிகள் தங்கள் நாட்டிலேயே செய்ய ஆரம்பித்து, லாரி, பிக்கப், ஜெனரேட்டர் என்று வைக்காத இடமில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து ஒஹாயோவில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து 2000-இல் 6.6 லிட்டர் வி8 டூராமாக்ஸ் டீசல் வந்தது. செவர்லே சில்வராடோ வைத்திருக்கும் டெக்சாஸ்காரர் தன் எஞ்சினை அசல் அமெரிக்கச் சரக்கு என்றுதான் பெருமையடிப்பார், வடிவமைப்பில் இசுசுவின் கை இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. போலந்தின் டிஹி நகரில் செய்த 1.7 லிட்டர் டீசல் ஓப்பல் கார்களுக்குப் போனது. நம் ஊரில் மண் தோண்டும் வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் 'ஹிட்டாச்சி' என்கிறோம் அல்லவா? நிஜமான ஹிட்டாச்சியின் பல மாடல்களில் உள்ளே உறுமுவது இசுசு.

சரி, அம்பாசடருக்கு வருவோம்.

எண்பதுகளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கு நெருக்கடி. 1983-இல் மாருதி வந்துவிட்டது. அம்பாசடரில் இருந்ததோ ஐம்பதுகளின் வடிவமைப்பான 1,489 சிசி எஞ்சின், இங்கிலாந்தின் பிஎம்சி கம்பெனியுடையது. வேறு எஞ்சினுக்காக இசுசுவோடு ஒப்பந்தம் போட்டு, மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் செய்யத் தொழிற்சாலை அமைத்தார்கள். 1,817 சிசி பெட்ரோல் எஞ்சின் முதலில் ஹிந்துஸ்தானின் இன்னொரு காரான கான்டெஸாவுக்குப் போனது, ஐந்து கியரோடு. பிறகு அதே எஞ்சின் 1993-வாக்கில் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட் ஆனது. 1,995 சிசி டீசல் எஞ்சினும் கான்டெஸாவிலும் அம்பாசடரிலும் வந்தது.

ஸ்டாண்டில் தனிப் பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு அதில் என்ன வித்தியாசம் என்பது ஓட்டியவர்களுக்குத்தான் தெரியும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கை கியருக்குப் பழகியவர்களுக்குத் தரையில் ஐந்து கியர். காலையில் சாவியைத் திருப்பி ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்து, அப்புறம் ஒரு சுற்று, டீசல் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவதில் போட்டு விட்டால் எஞ்சின் அடங்கிய குரலில் ஓடும், பின் சீட்டில் கல்யாண வீட்டுக்காரர்கள் ஆறு பேர் பேசிக்கொண்டு வருவது டிரைவருக்கும் கேட்கும். இசுசு எஞ்சின் என்றால் பழைய வண்டிக்குக்கூட விலை கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்கள். பிற்காலத்தில் ஜப்பான் எஞ்சின் என்றாலே நம்பலாம் என்று இங்கே ஒரு பேச்சு வேர்விட்டதில் மாருதிக்கு உள்ள பங்கு எல்லோருக்கும் தெரியும். டாக்ஸிக்காரர்கள் மத்தியில் இசுசுவுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அதன் பிறகு இசுசு தன் பெயரிலேயே வந்தது. 2012-இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து இசுசு மோட்டார்ஸ் இந்தியா தொடங்கியது. சொந்தத் தொழிற்சாலை தயாராகும்வரை வண்டிகளைக் கோத்துக்கொடுத்தது எது தெரியுமா? ஹிந்துஸ்தான் குழுமத்தின் திருவள்ளூர் தொழிற்சாலை, முன்பு மிட்சுபிஷி லேன்சர் செய்த இடம். 2014 மே மாதம் வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் தயாரிப்பு நின்றது. அந்தச் சமயத்தில் இங்கே திருவள்ளூரில் இசுசு பிக்கப்புகள் தயாராகிக்கொண்டிருந்தன. 2016 ஏப்ரலில் எல்லை தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்தார்கள். நீங்கள் ரோட்டில் பார்க்கும் வி-கிராஸ் பிக்கப் அங்கிருந்து வருவது. அதன் மூல உருவமான டி-மேக்ஸ் தாய்லாந்தில் பிக்கப் வண்டிகளின் ராஜா. அங்கே பிக்கப்தான் குடும்பக் கார், அதனால் இசுசுவுக்குக் கார் இல்லாத குறை தெரிவதில்லை. நம் ஊரில் பள்ளிக்கூட வேன் என்றாலே நினைவுக்கு வரும் சுவராஜ் மஸ்தாவும் 2011-இல் எஸ்எம்எல் இசுசு என்று பெயர் மாறியது. 2025-இல் அதன் பெரும்பங்கை மஹிந்திரா வாங்கிவிட்டது.

ஜப்பானில் பங்காளிகள் கதையும் தொடர்கிறது. டொயோட்டா 2006-இல் இசுசுவில் பங்கு வாங்கியது, 2018-இல் விற்றது, 2021-இல் மறுபடி வாங்கியது. அதே 2021-இல் நிசானின் பழைய லாரிப் பிரிவான யூடி டிரக்ஸை வால்வோவிடமிருந்து இசுசு வாங்கியது. 1933-இல் டாட்சனைக் கைமாற்றிய வீட்டுக்கு, நிசான் வழி வந்த லாரிக் கம்பெனி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

உல்ஸ்லியை நினைவில் வைக்கச் சொன்னேனே. 1927-இல் திவாலான உல்ஸ்லியை வாங்கியவர் வில்லியம் மோரிஸ். அவருடைய கம்பெனியின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வாங்கிவந்து அம்பாசடர் என்று பெயர் வைத்தது. உல்ஸ்லியின் வரைபடங்களைப் பார்த்து எஞ்சின் வார்க்கக் கற்றுக்கொண்ட டோக்கியோக் கம்பெனி, எழுபது வருஷம் கழித்து மோரிஸ் வழி வந்த காருக்கு எஞ்சின் கொடுத்திருக்கிறது. யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை, அப்படி அமைந்துவிட்டது.

உங்கள் அப்பா வண்டியின் ஆர்.சி. புத்தகம் வீட்டில் எங்காவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். சிசி என்ற இடத்தில் 1817 என்றிருந்தால் பெட்ரோல் இசுசு, 1995 என்றிருந்தால் டீசல் இசுசு. 1489 என்றிருந்தால் அது பிஎம்சி. அப்படியிருந்தால் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.